என் பெயரில் உலர்ந்த விரிப்புகள்

அவர் கைகள் அடிக்கடி தவறும். அவரைப் பற்றி நான் முதலில் அறிந்தது அதுதான். நெடுநாள் அது ஒன்றை மட்டுமே அறிந்திருந்தேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, நாகர்கோவில் மருத்துவமனை ஒன்றில் நான் கிடந்தபோது என்னைப் பார்த்துக்கொள்ள வந்தார். இல்லச் செவிலி என்பது நானாக வைத்துக்கொண்ட பெயர். ஊரார் ஹோம் நர்ஸ் என்பர். குலசேகரத்துக்கு அப்பால், ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே உள்ள சிற்றூர் அவருடையது. கணவர் ரப்பர் மரத்தில் பால்வெட்டும் தொழிலாளி. இவருக்கு வயது நாற்பத்தைந்து இருக்கலாம். பெயரை நான் எழுதப் போவதில்லை. இன்றும் எவர் வீட்டிலோ எவர் கட்டிலருகிலோ அவர் இருப்பார். பிறர் மறைக்க விரும்பியவற்றை மறைத்தே வாழ்ந்த ஒருவரைப் பெயர்சொல்லி வெளியே நிறுத்துவது முறையன்று.

மருத்துவமனையில் எனக்கு அடுத்த கட்டிலில், ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர் இருந்தார். பெருங்குரலர். துப்புரவுப் பெண்களை விரட்டிக்கொண்டே இருப்பார். ஒருநாள் மாலை அவருடைய சம்பந்தி வீட்டார் ஆறேழு பேர் பழக்கூடையுடன் அவரைக் காண வந்தனர். வந்தவர்கள் கட்டிலை நெருங்கிய அந்தக் கணத்தில், எனக்குத் தண்ணீர் கொண்டுவந்த இவர் கால் இடறினார். செம்பு கவிழ்ந்து நடத்துநரின் போர்வை, விரிப்பு, வேட்டி எல்லாம் நனைந்தன.

"ஐயோ, கை தட்டிப் போச்சு சாறே," என்றார். எங்கள் மாவட்டத்தின் மேற்கே ஆசிரியரையும் மதிப்புக்குரியவரையும் 'சாறே' என்றே விளிப்பர்.

தலைமைச் செவிலி விரைந்து வந்தார். "கண்ண எங்க வச்சிருக்கே? ஒனக்க ஆள மட்டும் பாத்தாப் போராதா?" என்று எல்லார் முன்னும் கடிந்தார். வந்தவர்கள் வெளியே அனுப்பப்பட்டனர். திரை இழுக்கப்பட்டது. துணி மாற்றப்பட்டது. எதற்கும் கூச்சலிடும் நடத்துநர் அன்று ஒரு சொல்லும் பேசவில்லை. மறுநாள் கூடையிலிருந்த மாதுளைகளில் பெரியதை எடுத்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, இவரிடம் நீட்டினார். நானோ, அறுவைக்கு இன்னும் வந்துசேராமல் வளைகுடாவில் மசுகட்டு நகரில் இருந்த என் மகனிடம், "கவனமில்லாத ஒருவரை அமர்த்தியிருக்கிறாய்," என்று தொலைபேசியில் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

வீடு திரும்பிய பின்னும் இத்தகைய சிறு தவறுகள் தொடர்ந்தன. எனக்குச் செவி சற்று மந்தம். வந்தவர் சொன்னது கேளாமல் நான் பொருந்தாத மறுமொழி சொல்லிவிட்டால், "மிக்சி சத்தத்துல சாறுக்குக் கேக்கல்ல, நாந்தான் போட்டுட்டேன்," என்று அடுக்களையிலிருந்து குரல் வரும். அடுக்களையில் அப்போது மிக்சி ஓடியதா என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. மற்றொன்று, அவர் வைத்திருந்த குறிப்பேடு. நாற்பதாண்டுக் காலம் கல்லூரியில் தமிழ் கற்பித்தவன் நான். நலம் விசாரிக்கப் பழைய மாணவர் பலர் வந்தனர். தலை நரைத்துப் போனவர்களின் பெயர் எனக்கு நினைவில் எழாது. அவ்வேளையில் இவர் தேநீருடன் நுழைந்து, ஒரு பள்ளிக் குறிப்பேட்டை நீட்டுவார்.

"பேரும் ஊரும் சொல்லணும். ஆரு வந்தாலும் எழுதி வைக்கணும்னு எங்க ஆபீசுல சட்டம்."

வந்தவர் பெயரை உரக்கச் சொல்வார். நானும், "உன்னை மறப்பேனா?" என்பேன். பின்னாளில் இவர் எங்கள் வீட்டை விட்டுப் போன பிறகு அந்தக் குறிப்பேட்டைப் புரட்டினேன். வந்தவர் எண்பதுக்கு மேல் இருப்பர். ஏட்டில் இருந்தவை பதினான்கு பெயர்கள். அத்தனையும் நான் மறந்திருந்தவை.

ஆனால் அது பிந்திய செய்தி. நான் சொல்ல வந்தது விரிப்புகளைப் பற்றி.

எங்கள் வீட்டில் அப்போது இருந்தவர்கள் நான், வங்கியில் பணிபுரியும் என் மருமகள், எட்டு வயதுப் பேத்தி கயல் ஆகிய மூவர். மருமகள் மாடியில் உறங்குவாள். என் அறையை ஒட்டிய சிறிய அறை கயலுடையது. இரண்டுக்கும் இடையே ஒரு கதவு. அது திறந்தே இருக்கும். இவர் கயலின் அறையில் பாய் விரித்துப் படுப்பார். நான் அழைத்தால் எழுந்து வருவார்.

என் அறுவைக்காக மகன் ஒரு மாத விடுப்பில் வந்திருந்தான். விடுப்பு முடிந்து திரும்பிப் போனான். அவன் போன வாரத்திலிருந்து கயலின் படுக்கை இரவில் நனையத் தொடங்கியது. இது எனக்குத் தெரியாது. அவளுடைய தாய்க்கும் தெரியாது. எங்களுக்குத் தெரிந்தவை வேறு. கயலின் கட்டிலில் யானைப்படம் போட்ட விரிப்பு ஒன்று இருந்தது. "கலர்த் துணி பிள்ளைக்குச் சொறிச்சல் வருத்துது மேடம்," என்று சொல்லி அதை எடுத்து மடித்துவைத்துவிட்டு, என்னுடைய பழைய வெள்ளை விரிப்புகளையே அங்கும் விரித்தார். விடியுமுன் துவைத்துவிடுவார். ஆறு மணிக்குப் பின்முற்றத்துக் கொடியில் இரண்டு மூன்று வெள்ளை விரிப்புகள் தொங்கும். அடுத்த வீட்டு மாடியிலிருந்து பார்ப்பவர், 'பாவம், முதியவருக்கு முடியவில்லை' என்று எண்ணிக்கொள்வர். மருமகளும் அப்படியே எண்ணினாள். மருத்துவமனையில் சிறுநீர்க் குழாயை எடுத்த பிறகு முதல் இரு வாரம் எனக்கு நீர் தங்காதிருந்தது உண்மை. அதன் பிறகு சரியாகிவிட்டது. சரியானதை இவர் எவரிடமும் சொல்லவில்லை.

இரவு பத்து மணிக்கு என்னை எழுப்பிக் கழிவறைக்கு அழைத்துச் செல்வது வழக்கம். வாக்கர் என்னும் சட்டத்தைப் பற்றி நான் மெல்ல நடப்பேன். ஒருநாள் என் கதவருகே கயல் கண்ணைக் கசக்கிக்கொண்டு, கையில் டார்ச்சுடன் நின்றாள்.

"குழந்தையை ஏன் எழுப்பினீர்கள்?"

"நாலெட்டு இருட்டு உண்டும் சாறே. எனக்கு ரெண்டு கையும் ஒங்களப் பிடிக்கணும். வெளக்கு காட்ட ஆரு இருக்கா?" என்றவர் கயலிடம், "மக்களே, தாத்தாக்கு முன்னால நட. குண்டு குழி கண்டா சொல்லு," என்றார்.

"வீட்டுக்குள்ள என்ன குண்டு குழி, ஆன்டி?"

"தாத்தா விழுந்த எடம் குழிதான?"

ஆன்டி என்னும் சொல்லை வீட்டில் நான் தடைசெய்திருந்தேன். அதனால் கயல் என் முன்னிலையில் அவரை எதுவும் சொல்லி அழைப்பதில்லை. அன்று தூக்கக் கலக்கத்தில் வாய்தவறிவிட்டது. நான் திருத்தவில்லை. வெண்ணிற வட்டமொன்று எனக்கு முன்னே தரையில் நகர்ந்தது. "தாத்தா, வாசப்படி," "தாத்தா, மிதியடி," என்று அவள் அறிவித்துக்கொண்டே நடந்தாள். நான் வெளியே வந்ததும் இவர், "இம்புட்டு தூரம் வந்தாச்சு, நீயும் போயிட்டு வா மக்களே," என்பார். கயலும் போய்விட்டு வருவாள். ஒவ்வோர் இரவும் இது நடந்தது. பேத்தி எனக்கு உதவுகிறாள் என்று நான் நெகிழ்ந்தேன். தாத்தாவுக்கு உதவுவதாகக் கயலும் நம்பினாள். அவளைத்தான் எழுப்புகிறார் என்பது எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

ஐப்பசி மழைக்காலம் அது. ஒருநாள் மருமகள் கூடத்தில் நின்று என் மகனிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "மாமாவுக்கு இப்பமும் ராத்திரி நனையுது. டயப்பர் வாங்கலாம்னு இருக்கேன். டாக்டர்ட்டயும் ஒருக்க காட்டணும். திரும்ப டியூப் போடச் சொல்லுவாங்களோ என்னவோ." அவள் குரலில் இரக்கம் இருந்தது. அந்த இரக்கத்தை என்னால் பொறுக்க முடியவில்லை.

மருமகள் பணிக்கும் குழந்தை பள்ளிக்கும் சென்ற பிறகு இவரை அழைத்து உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. வாக்கரின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என் படுக்கை நனைவதில்லை. நனைவதாக இந்த வீட்டில் ஒரு பேச்சு உலவுகிறது. அது எப்படி?"

அவர் மறைக்கவில்லை. கயலைப் பற்றி எல்லாம் சொன்னார். ஆறு வயதில் ஒருமுறை இப்படி நடந்தபோது, இனிமேல் நனைத்தால் விரிப்பை மொட்டைமாடியில் எல்லாரும் காணக் காயப்போடுவேன் என்று தாய் அச்சுறுத்தியிருந்தாளாம். அதனால் முதல் நாளே குழந்தை இவர் காலைப் பிடித்து, அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று அழுதிருக்கிறது.

"அதற்கு என் பெயரா கிடைத்தது?"

"பின்ன ஆருக்க பேரச் சொல்லுவேன் சாறே? எனக்க பேரச் சொன்னா நம்புவாளா?" என்றார். பிறகு, "சாறுக்கு நனைஞ்சா சீக்குன்னு சொல்லுவாவ. பிள்ளைக்கு நனைஞ்சா குணம்னு சொல்லுவாவ. சீக்கு மாறும். குணம்னு ஒருக்க பேரு வந்தாச்சுன்னா மாறாது," என்றார்.

"தாயிடம் சொல்வதுதானே முறை?"

"சொல்லணும். நான் சொல்லுவேன். ஆனா நின்ன பெறகு சொல்லுவேன். மொதல்ல தினமும் உண்டும். இப்பம் வாரத்துல ரெண்டு நாளாக் கொறஞ்சாச்சு. கிறிஸ்மசுக்குள்ள நின்னுரும். அதுவரைக்கும் பொறுத்துக்கிடுங்க சாறே."

அவர் வாக்கரின் ரப்பர்ப் பிடியை நகத்தால் கீறிக்கொண்டே சொன்னார்: "எனக்க தம்பிக்குப் பத்து வயசு வரை உண்டும். அம்மைக்கு நாணக்கேடு. கரண்டியப் பழுக்கக் காய்ச்சித் தொடையில வச்சா. நனையுதது நிக்கல்ல. அவன் பேசுததுதான் நின்னுச்சு."

அதை ஒரு சொல்வழக்காகவே நான் எடுத்துக்கொண்டேன். கிறிஸ்துமஸ் வரை பொறுப்பதாக வாக்குக் கொடுத்தேன்.

ஐந்து வாரம் காத்தேன். டயப்பர்க் கட்டு வந்தது. வாங்கி அலமாரியில் வைத்தேன். மருமகள் என் கட்டிலில் ரப்பர் விரிப்பு போட்டாள், அதன்மேல் படுத்தேன். எதுவும் சொல்லவில்லை. அப்போது என் கட்டுரைகளைத் தொகுத்து நூலாக்கிய மாணவர்கள், அதை வெளியிட நாகர்கோவிலில் ஒரு கூட்டம் ஏற்பாடு செய்தனர். விழுந்த பிறகு நான் வெளியே செல்லவிருந்த முதல் நாள் அது. அதற்கு நான்கு நாள் முன்னர் மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா வர வேண்டாம், நாங்களே வீட்டுக்கு வந்து தருகிறோம்," என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். காரணம் கேட்டேன். மருமகள் சொன்னதாகச் சொன்னார். "இதெல்லாம் வயதில் வருவதுதானே ஐயா," என்றும் சேர்த்துக்கொண்டார். அவர் நன்மாணாக்கர். என் முன் உட்காரவும் அஞ்சியவர்.

அந்த அழைப்புக்குப் பிறகு, கூட்டத்துக்கு முன் வந்த ஞாயிற்றுக்கிழமை. தேவாலய ஆராதனை முடிந்து, மருமகளின் தாயும், அண்ணன் குடும்பமும் மதிய உணவுக்கு வந்திருந்தனர். மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும். அண்ணனின் மகன்கள் இருவரும் கயலுக்கு எதிரே அமர்ந்து, மீன்முள்ளைத் தட்டில் அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தனர். கயல் என் வலப்புறம். கூட்டத்தைப் பற்றிய பேச்சு எழுந்தது.

"மாமா, சங்கடப்படாதீங்க," என்றார் மருமகளின் அண்ணன். "எங்கப்பாவுக்கும் கடைசியில இப்படித்தான் இருந்துது. ரெண்டு மணி நேரம் மேடையில இருக்கதுன்னா செரமம்."

நல்லெண்ணத்துடன் சொன்ன சொற்கள். சம்பந்தி அம்மையார் கவலையுடன் தலையசைத்தார். நான் கையிலிருந்த கவளத்தைத் தட்டில் வைத்தேன்.

"என் படுக்கை நனைந்து மூன்று மாதம் ஆகிறது," என்றேன். "நனைவது கயலின் படுக்கை."

எல்லாரும் நிமிர்ந்தனர். அடுக்களையிலிருந்து சோற்றுக்கலத்துடன் வந்துகொண்டிருந்த இவர் வாயிலில் நிற்காமல் நேரே மேசைக்கு வந்தார்.

"சாறுக்கு ஓர்ம கொறவு மேடம். இண்ணைக்குக் காலத்தயும் நாந்தான் சாறுக்க துணிய மாத்தினேன்," என்றார். அத்துடன் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை வேண்டுதல். அவ்வளவு பேர் முன்னிலையில் அவர் எனக்கு ஒரு வாயிலைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நான் அதன் வழியே திரும்பியிருக்கலாம். மறதி என்று ஒரு சொல் சொன்னால் போதும். சிரித்துவிட்டு உண்டிருப்பார்கள்.

"பொய்," என்றேன். "வாய்மை எது என்று அந்தக் குழந்தையையே கேளுங்கள்."

மருமகள் கேட்டாள். கயல் என்னைப் பார்க்கவில்லை. தன் தாயையும் பார்க்கவில்லை. மேசைவிரிப்பின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே, "நாந்தான்," என்றாள்.

பையன்களில் மூத்தவன், "அய்யே, இவ இப்பமும் படுக்கையில மோளுதாளா?" என்றான். இளையவன் சிரித்தான். அவன் தாய் அவன் தொடையில் கிள்ளினாள். அதற்குள் கயல் எழுந்து, மீனை முழுதாக விட்ட தட்டைக் கழுவுமிடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டுத் தன் அறைக்குள் சென்று, என் அறைக்குத் திறக்கும் அந்த இடைக்கதவை மூடினாள். தாழ்ப்பாள் விழும் ஓசை கேட்டது. மந்தமான என் செவிக்கும் கேட்டது.

மருமகள் அன்று மாலையே அவரை அனுப்பிவிட்டாள். அவளைக் குறைசொல்ல எனக்கு உரிமையில்லை. "என் பிள்ளைக்கு ஒரு சீக்குன்னா என்கிட்ட மறைக்கியா? நான் அவளைப் பெத்தவ இல்லையா?" என்று அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. இவர் பையைக் கட்டினார். கொடியில் கிடந்த விரிப்புகளை மடித்து வைத்தார். என்னிடம் வந்து, காலை மருந்து எந்தப் பெட்டி, இரவு மருந்து எந்தப் பெட்டி என்று காட்டினார்.

"நாளைக்குக் கண்டிப்பா நனையும் சாறே. ஆரும் ஒண்ணும் கேக்காண்டாம்னு மேடத்துட்ட நீங்க சொல்லணும்," என்றார். நான் கொடுத்த வாக்கைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கயலின் கதவருகே சற்று நின்றார், தட்டவில்லை. நாலரை மணிப் பேருந்துக்குப் போய்விட்டார்.

கூட்டத்துக்கு நான் சென்றேன். இரண்டு மணி நேரமும் மேடையில் அமர்ந்திருந்தேன்.

மறுநாள் நனைந்தது. அதற்கு மறுநாளும் நனைந்தது. பிறகு கயல் தானே ஒரு வழி கண்டாள். தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். பள்ளிக்குக் கொண்டுபோகும் குப்பி நிறைந்தபடியே திரும்பி வந்தது. எவரும் கவனிக்கவில்லை. கவனிக்கக் கூடியவரை நாங்கள் அனுப்பிவிட்டிருந்தோம். மூன்றாம் வாரம் குளிர்காய்ச்சல் வந்தது, சிறுநீரில் தொற்று. நான்கு நாள் மருத்துவமனை. குழந்தை மருத்துவர் இளம்பெண். கயலை வெளியே அனுப்பிவிட்டு எங்களிடம் பொறுமையாகச் சொன்னார்: பகலில் தண்ணீர் நிறையக் கொடுங்கள், இருட்டிய பின் குறையுங்கள், படுக்குமுன் ஒருமுறை போகச் சொல்லுங்கள், திட்டாதீர்கள், பிறர் முன் பேசாதீர்கள், தானாக நின்றுவிடும். தந்தைக்கு இருந்ததா என்றும் கேட்டார்.

அங்கிருந்தே மருமகள் மசுகட்டுக்கு அழைத்தாள். பதினோரு வயது வரை தனக்கு இருந்தது என்றான் மகன். "அப்பாக்குத் தெரியாண்டாம்னு அம்மா மறைச்சிட்டா," என்றான். ஒரே கூரையின் கீழ் பதினோர் ஆண்டு வாழ்ந்திருக்கிறேன். என் துணைவியார் காலமாகி ஆறாண்டு கடந்த பிறகு அதைக் கேட்டறிந்தேன்.

மருமகள் கைப்பேசியை வைத்துவிட்டு அழுதாள். "அவ செஞ்சதத்தான் மாமா டாக்டரும் சொல்லுதாங்க," என்றாள்.

அவரை அழைத்துவருவதற்காக நானே புறப்பட்டேன். வாடகை வண்டியில், வாக்கரை மடித்துப் பின்னால் போட்டுக்கொண்டு, குலசேகரம் கடந்து, தோட்டப் பாதையில் சென்றேன். ஓட்டு வீடு. முற்றத்தில் ரப்பர்த் தகடுகள் கொடியில் வெள்ளையாகத் தொங்கின. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், பாலுறைந்த கட்டியை உருளை எந்திரத்தில் கொடுத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். இந்த வீடுதானா என்று கேட்டேன். அவர் கையை நிறுத்தினார். உள்ளே கைகாட்டினார். மீண்டும் சுற்றத் தொடங்கினார். உள்ளிருந்து வந்த இவர், "தம்பி," என்றார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அன்று அவர் சொன்னதில் சொல்வழக்கு எதுவும் இல்லை என்பது.

பாலில்லாத தேநீர் தந்தார். நான் விழுந்துவிடுவேனோ என்று நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டார். எல்லாம் கேட்டார்: காய்ச்சல் எத்தனை நாள், இப்போது தண்ணீர் குடிக்கிறாளா, பள்ளிக்குப் போகிறாளா, என் காலில் வீக்கம் வற்றியதா. மருமகள் வரச்சொன்னதையும், சம்பளம் கூட்டித் தருவதாகச் சொன்னதையும் தெரிவித்தேன். நான் தவறிழைத்தேன் என்பதையும் சொன்னேன். அந்த வாக்கியம் எனக்கு எளிதில் வரவில்லை.

"அத விடுங்க சாறே," என்றார். "ஆனா நான் வரப்பிடாது."

"ஏன்?"

"பிள்ளை என்னக் காணும்போ எல்லாம் அந்த ஞாயிறாழ்ச்சதான் ஓர்ம வரும். நான் இல்லேன்னா சீக்கிரம் மறப்பா." வாயிலுக்கு வெளியே எந்திரத்தைச் சுற்றிக்கொண்டிருந்த தம்பியை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "எனக்கும் பிள்ளையக் காணணும்னு உண்டும். அதுக்காண்டி வரப்பிடாது."

வண்டி வரை கூடவே வந்தார். என்னைத் தூக்கி உள்ளே இருத்தி, வேட்டியின் ஓரம் கதவில் சிக்காமல் எடுத்துவிட்டார். அவரை நான் கடைசியாகக் கண்டது அன்றுதான். அடுத்த மாதம் இல்லச் செவிலியரை அமர்த்தித் தரும் நிலையத்தில் கேட்டபோது, திருவனந்தபுரத்தில் ஒரு வீட்டுக்குப் போய்விட்டார் என்றனர்.

கயலுக்கு இப்போது வயது பதினான்கு. படுக்கை நனைவது அவளுடைய பத்தாம் வயதுக்குள் மெல்ல மெல்ல நின்றது. நன்றாகப் படிக்கிறாள். எனக்கு மருந்து எடுத்துத் தருகிறாள், நாளிதழ் படித்துக் காட்டுகிறாள், கேட்டதற்கு மறுமொழி சொல்கிறாள். கேளாதது எதையும் சொல்வதில்லை. அந்த இடைக்கதவு பகலில் திறந்திருக்கும், இரவில் மூடியிருக்கும்.

அந்த ஞாயிறுக்குப் பின் வந்த கோடை விடுமுறையில் நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். மருமகளின் அண்ணன் மகன்கள் வந்து தங்கியிருந்தனர். வீடு நிறைந்ததால் கயலுக்கு என் அறையில், எதிர்ச்சுவர் ஓரமாக ஒரு கட்டில் போட்டிருந்தார்கள். காய்ச்சலுக்குப் பிறகு நனைவது மிகவும் குறைந்திருந்தது. இரண்டு மாதமாக இல்லை. அன்று காலை கயல் எழாமல், போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு கிடந்தாள். எதனால் என்று எனக்குப் புரிந்தது. அதற்குள் மூத்த பையன் அவளை விளையாட அழைக்க உள்ளே வந்துவிட்டான். "ஏட்டி, எழும்பு," என்று போர்வையைப் பற்றி இழுத்தான். பார்த்தான். வாயைத் திறந்தான்.

நான் முந்திக்கொண்டேன். வாழ்நாளில் நான் முயன்று சொன்ன முதற்பொய் அதுவாக இருக்கலாம். "அது நான்," என்றேன். "இரவு எனக்கு இந்தக் கட்டிலில் உறக்கம் வரவில்லை. அங்கே போய்ச் சற்றுப் படுத்தேன். நனைத்தவன் நான்தான்."

பையன் என்னைப் பார்த்தான். எனக்கும் அந்தக் கட்டிலுக்கும் இடையே இருந்த தொலைவைப் பார்த்தான். மூலையில் மடித்துச் சாத்தியிருந்த வாக்கரைப் பார்த்தான். அவனுக்குப் பதினொரு வயது.

கயல் எழுந்து உட்கார்ந்தாள். அவள் முகத்தில் சினம் இல்லை. அழுகையும் இல்லை. நடக்க முடியாதவன் நடக்க எழும்போது தடுப்பவர்களிடம் காணும் ஒரு கனிவு மட்டும் இருந்தது.

"வேண்டாம் தாத்தா," என்றாள். "ஒங்களுக்குப் பொய் சொல்ல வராது."